தோலைப் பேணுதல்: உணவும் பூச்சும் சூழலும்



தோல் வியாதிக்காக மருத்துவமனைக்கு வருகிறவர்கள் வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். "எதைச் சாப்பிடக் கூடாது?" என்பது முதலாவது. "எந்தக் களிம்பைப் பூச வேண்டும்?" என்பது இரண்டாவது. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் செங்கல்பட்டுப் பகுதியில் இவற்றுக்கு முன்பாகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "இந்தத் தேமலில் உணர்ச்சி இருக்கிறதா?" என்பதே அது. அந்தக் கேள்வி கேட்கப்படாமல் போனதால் விரல்களை இழந்தவர்கள் உண்டு. ஆகையால் இந்தப் பாடத்தில் உணவு, பூச்சு, சூழல் ஆகிய மூன்றும் தோலை எவ்விதம் பாதிக்கின்றன என்பதையும், இம்மூன்றின் பேரிலும் பழி போட்டுவிட்டு நாம் கவனியாமல் விடும் வியாதி எது என்பதையும் பார்ப்போம்.

1. தோல் என்னும் மதில்

வளர்ந்த ஒருவருடைய தோலை விரித்தால் அது ஏறக்குறைய 1.5 முதல் 2 சதுர மீட்டர் இருக்கும். சரீர அவயவங்களில் இதுவே மிகப் பெரியது. மேல் தோலின் அணுக்கள் அடியில் பிறந்து, மெல்ல மேலே வந்து, உலர்ந்து உதிர்வதற்குச் சுமார் நான்கு வாரங்கள் ஆகின்றன. மேலே உள்ள உலர்ந்த அணுக்களைச் செங்கற்கள் என்றும், அவற்றின் நடுவே உள்ள கொழுப்பைச் சுண்ணச் சாந்து என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். சாந்து கரைந்தால் மதிலில் வெடிப்பு விழும். வெடிப்பு வழியாக உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். வெளியிலிருக்கும் கிருமி உள்ளே நுழையும்.

இந்த மதிலுக்குக் காவலர் இருவர். வேர்வையும் எண்ணெய்ப் பசையும் ஒரு காவலர். இவை தோலை இளக்கமாகவும் சற்றுப் புளிப்புத் தன்மையுடனும் வைத்திருக்கின்றன. உணர்ச்சி நரம்பு மற்றொரு காவலர். சூடு, முள், அழுத்தம் எது வந்தாலும் அது வலி என்னும் மணியை அடிக்கிறது. இவ்விருவரும் இருக்குமட்டும் தோல் பெரும்பாலும் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். இருவரும் ஒருமிக்கப் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை ஐந்தாம் பகுதியில் காண்போம்.

2. உணவும் தோலும்

உணவுக்கும் தோலுக்கும் தொடர்பு உண்டென்பது உண்மை. 1930-களில் குன்னூர் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, முழங்கை, முழங்கால், தொடைகளில் முள்முள்ளாகச் சொரசொரத்த தோலைப் பலரிடம் கண்டார்கள். இதற்குத் தேரைத்தோல் என்னும் பொருளுடைய பெயர் மருத்துவத்தில் வழங்குகிறது. வைட்டமின் 'ஏ', 'பி' தொகுதி, நல்ல கொழுப்பு ஆகியவற்றின் குறைவே இதற்குக் காரணமாய்ச் சொல்லப்படுகிறது. புரதம் குறைந்தால் புண் ஆறத் தாமதமாகும். துத்தநாகச் சத்து குறைந்தால் வாயைச் சுற்றியும் கை கால்களிலும் புண் வரும்.

இவற்றுக்கு மருந்து விலை உயர்ந்ததல்ல. முருங்கைக்கீரை, அரைக்கீரை, பப்பாளி, நெல்லிக்காய், முட்டை, பயறு, நெத்திலி போன்ற சிறு மீன்கள் ஆகியவை போதும். கீரையில் ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்துச் சமைத்தால்தான் அதிலுள்ள சத்து உடலில் நன்றாகச் சேரும்.

இனி, மக்கள் நம்பும் சில காரியங்களைப் பார்ப்போம். மீனும் தயிரும் சேர்த்து உண்டால் தோல் வெளுக்கும் என்கிறார்கள். இதற்கு ஆதாரம் இல்லை. வெண்புள்ளிகள் வருவது உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த நிறமி அணுக்களையே அழிப்பதினால்தான். பிள்ளைகளின் கன்னத்தில் தோன்றும் மங்கலான தேமலுக்கு வயிற்றுப் பூச்சியும் சுண்ணாம்புச் சத்துக் குறைவுமே காரணம் என்பதும் அப்படிப்பட்ட நம்பிக்கையே. வறண்ட தோலும் வெயிலும் சேர்ந்தே பெரும்பாலும் அதை உண்டாக்குகின்றன. தொழுநோய் கருவாட்டினாலோ கத்தரிக்காயினாலோ வருவதில்லை. 1873-ல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்த ஒரு கிருமியே அதற்குக் காரணம். அரைப்பட்டினி கிடக்கும் சரீரத்தில் எதிர்ப்புச் சக்தி குறைகிறபடியால் இது ஏழைகளின் வீடுகளில் அதிகம் காணப்படுகிறது. ஆகவே நோயாளிக்கு மீனையும் முட்டையையும் நிறுத்துவது அவர் பலத்தைக் குறைப்பதாகவே முடியும்.

ஆனாலும் கடற்கரை மக்களின் அனுபவத்தில் ஒரு காரியம் முற்றிலும் சரி. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைப் பிடித்தவுடன் ஐஸில் வைக்காவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் பெருகும். அதை உண்டால் சற்று நேரத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்தப் பொருள் அழியாது. இங்கே குற்றம் மீனுடையதல்ல, மீன் கிடந்த வெயிலுடையது.

கழுத்தைச் சுற்றிலும் அக்குளிலும் வெல்வெட்டுத் துணி போலக் கருத்துத் தடிக்கும் தோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதை அழுக்கென்று எண்ணிப் பீர்க்கங்கூடு கொண்டு தேய்க்கிறார்கள். பெரும்பாலும் இது உடல் பருமனாலும், இன்சுலின் சரிவர வேலை செய்யாமையாலும் வருவது. இப்படிப்பட்டவர்கள் தேய்ப்பதை விட்டு, இரத்தத்தில் சர்க்கரையைப் பரிசோதிப்பது நல்லது.

3. பூச்சுகளும் களிம்புகளும்

நம் பாட்டிமார் தேங்காயெண்ணெயும் நலங்கு மாவும் வைத்திருந்தார்கள். இன்று பெட்டிக்கடையிலும் பளபளக்கும் குழாய்களில் களிம்பு தொங்குகிறது. பெரும்பாலானவை சிவப்பழகை வாக்களிக்கின்றன. 1975-ல் விற்பனைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-ல் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாறிற்று. ஆனால் கருப்பு நிறத்தைக் குறைவாய் எண்ணும் மனம் நம் வீடுகளிலும், வருத்தத்தோடு சொல்கிறோம், நம் சபைகளின் பெண் பார்க்கும் வழக்கங்களிலும் இன்னும் மாறவில்லை. அந்த மனமே கீழ்க்கண்ட ஆபத்துகளுக்கு வாசலைத் திறக்கிறது.

முதலாவது ஸ்டீராய்டு. இது வைத்தியர் கையில் நல்ல மருந்து. மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து சிவந்து, பருக்களும் முடியும் வளரும். நிறுத்தினால் எரிச்சல் இன்னும் அதிகமாகும். படர்தாமரையின்மேல் பூசினால் இரண்டு நாள் அரிப்பு அடங்கும். அடியில் பூஞ்சை பரவும். இந்தியாவெங்கும் மருந்துக்கு அடங்காத படர்தாமரை பெருகினதற்கு இந்தத் தவறான உபயோகமும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் ஸ்டீராய்டு அடங்கிய 14 வகைப் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென அறிவித்தது. சட்டம் இருக்கிறது, கடையில் கேட்டு வாங்கும் பழக்கமும் இருக்கிறது.

இரண்டாவது பாதரசம். இது நிறமியைத் தடுப்பதால் முகம் சில வாரங்களில் வெளுக்கும். ஆனால் அது தோல் வழியாக இரத்தத்தில் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2021-க்கும் 2023-க்கும் இடையில் சிறுநீரில் புரதம் ஒழுகும் வியாதியுடன் வந்தவர்களில் பலர் அடையாளமற்ற சிவப்பழகுக் களிம்புகளைப் பூசினவர்கள் என்று அங்குள்ள மருத்துவர்கள் கண்டார்கள். தயாரித்தவர் பெயரும் உரிம எண்ணும் இல்லாத களிம்பை வீட்டுக்குள் கொண்டுவராதிருங்கள்.

மூன்றாவது, பலரும் அறியாத ஒன்று. ஸ்டிக்கர் பொட்டின் பசையிலும் சில ரப்பர் செருப்பு வார்களிலும் உள்ள இரசாயனப் பொருள்கள் நிறமி அணுக்களைக் கொன்று, பொட்டு ஒட்டின இடத்திலும் வார் பட்ட இடத்திலும் வெள்ளைத் தழும்பை உண்டாக்கக்கூடும். அரிப்போ நிற மாற்றமோ கண்டவுடன் அவற்றை நிறுத்திவிட வேண்டும்.

சோப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரணக் கட்டி சோப்பு காரத் தன்மையுள்ளது. தினம் இரண்டு மூன்று வேளை தேய்த்தால் சாந்து கரைந்த மதிலைப் போல் தோல் வெடிக்கும். வியர்வை தங்கும் இடங்களுக்கு மாத்திரம் சோப்பு போதும். குளித்து ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவ வேண்டும். எண்ணெய் தோலுக்கு ஈரத்தைக் கொடுப்பதில்லை. இருக்கிற ஈரத்தைப் போகவிடாமல் மூடுகிறது. ஆகையால் உலர்ந்த பின் பூசுவதில் பாதிப் பயனே உண்டு.

4. உப்பும் வெயிலும் வேலையும்

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை உள்ள கரையில் மீனவர் உப்பு நீரில் நனைந்து வெயிலில் காய்கிறார்கள். கேளம்பாக்கம் பக்கத்து உப்பளங்களில் வேலை செய்கிறவர்களின் பாதங்களில் உப்பு ஏறி வெடிப்பு ஆழமாகிறது. மாமல்லபுரத்துச் சிற்பிகளுக்குக் கருங்கல் தூசும் உளியின் அழுத்தமும் உள்ளங்கையைக் காய்ப்பேறச் செய்கின்றன. உள்நாட்டில் கட்டட வேலை செய்கிறவர்களுக்குச் சிமெண்டிலுள்ள குரோமியம் ஒவ்வாமையை உண்டாக்குகிறது. சித்திரை வைகாசியில் வேர்க்குருவும், மழைக்காலத்தில் விரலிடுக்கில் சேற்றுப்புண்ணும் எல்லாருக்கும் பொது.

இவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது எளிது. வேலை முடிந்தவுடன் நல்ல தண்ணீரில் உப்பையும் சிமெண்டையும் கழுவுங்கள். விரலிடுக்கை உலர வையுங்கள். பாதத்துக்கு எண்ணெய் இடுங்கள். இறுக்கமான செயற்கை இழைத் துணியை விட்டுப் பருத்தி உடுத்துங்கள். படர்தாமரை கண்டால் வீட்டார் அனைவரையும் காட்டுங்கள். துண்டையும் சீப்பையும் பகிராதிருங்கள்.

5. செங்கல்பட்டு கற்பித்த பாடம்

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறோம். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-ல் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை ஏற்பட்டது. அக்காலத்தில் அதற்கிருந்த முக்கிய மருந்து நீரடிமுத்து எண்ணெய்தான். ஊசி மூலம் செலுத்தினார்கள். வலி மிகுதி, பலன் குறைவு. அங்கே ஊழியம் செய்த மிஷனெரி மருத்துவர் இராபர்ட் காக்ரேன், 1940-களில் சல்போன் மருந்தை இந்திய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர். 1947-ஆம் ஆண்டளவில் வேலூரிலிருந்து எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அவரைக் காணச் செங்கல்பட்டுக்கு வந்தார். மடங்கிப்போன கை ஒன்றை அவர் பற்றினபோது, அந்தக் கையின் பிடி வலிக்கும்படி இறுகிற்று. செத்த கை என்று உலகம் சொன்ன கையில் இவ்வளவு பலமா என்று வியந்தார். அந்த வியப்பிலிருந்து தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கும் அறுவைச் சிகிச்சை வேலூரில் பிறந்தது.

பிராண்டும் அவருடைய உடன் ஊழியரும் கண்ட மற்றொரு காரியம் இன்னும் பெரிது. தொழுநோய் விரல்களைத் தின்பதில்லை. கிருமி நரம்பைக் கெடுக்கிறது. அதனால் உணர்ச்சி போகிறது. வேர்வைச் சுரப்பிகளுக்குச் செல்லும் நரம்பும் கெடுவதால் தோல் வறண்டு வெடிக்கிறது. நாம் முன்னே சொன்ன இரண்டு காவலரும் ஒருமிக்கப் போய்விட்டார்கள். பிறகு நடப்பதெல்லாம் அன்றாட விபத்தே: சூடான டம்ளர், செருப்பில் ஏறிய முள், தூங்கும்போது எலிக்கடி, கவனியாத பித்தவெடிப்பு. வலி இல்லாததால் அந்தக் காலிலேயே நடக்கிறார். புண் எலும்பைத் தொடுகிறது.

ஆகவே அங்கே பழுத்த அனுபவம் உள்ளவர்கள் கற்றுக்கொடுப்பது எளிய ஒழுங்கு. தினமும் பாதத்தைச் சாதாரணத் தண்ணீரில் 20 முதல் 30 நிமிடம் ஊற வைக்க வேண்டும். தடித்த தோலை மட்டும் கல்லினால் மெல்லத் தேய்க்க வேண்டும். ஈரம் இருக்கும்போதே தேங்காயெண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவ வேண்டும். கண்ணால் பார்த்தும் கையால் தடவியும் புண்ணையும் சூட்டையும் தேட வேண்டும். நுண்துளை ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பை அணிய வேண்டும். சர்க்கரை நோயினால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் இதே ஒழுங்கு அவசியம். தொழுநோயாளியின் பாதத்திலிருந்து கற்றது இன்று சபையின் முன்வரிசையில் இருக்கும் மூப்பர்களின் பாதங்களையும் காக்கிறது.

1955-ல் மத்திய அரசு திருமணி மருத்துவமனையை ஏற்றுத் தொழுநோய்ப் போதனை மற்றும் ஆராய்ச்சி நிலையமாக அமைத்தது. அதே ஆண்டில் பெல்ஜிய மருத்துவர் ஃபிரான்ஸ் ஹெமரிக்ஸ் போலம்பாக்கத்தில் பணியைத் தொடங்கினார். நோயாளியை ஊரை விட்டுப் பிரிக்காமல், சாலையோர மரத்தடிகளில் வாரந்தோறும் மருந்து கொடுத்தார். 1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மாத்திரை உட்கொண்டால் வியாதி தீரும். முதல் சில வேளை மருந்திலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை நீங்குகிறது. மருந்து இலவசம். வீட்டாருக்கு ஒரே வேளைத் தடுப்பு மருந்தும் உண்டு.

அப்படியிருந்தும் வியாதி ஒழிந்துவிடவில்லை. 2005 டிசம்பரில் இந்தியா, பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்னும் நிலையை எட்டியது. அது முடிவு என்று பலர் எண்ணினார்கள். 2023-ல் உலகில் ஏறக்குறைய 1,80,000 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்.

இவ்விடத்தில்தான் உணவும் பூச்சும் குறுக்கே வருகின்றன. முதுகில் ஒரு மங்கிய தேமல் தோன்றுகிறது. வலியில்லை, அரிப்பில்லை. "மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஆறு மாதம் பத்தியம். "வெயிலில் கருத்தது" என்று ஒரு வருடம் களிம்பு. ஸ்டீராய்டு பூசினால் சிவப்பு சற்று மங்கவும் செய்யும். சுகம் என்று நினைக்கிறார்கள். அத்தனை நாளும் கிருமி நரம்பில் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. சிகிச்சை தொடங்கின பின்னும் நிறத்தின் பேரிலுள்ள ஆசை இடறலாகிறது. குளோஃபாசிமின் என்னும் மாத்திரை தோலைச் செம்பழுப்பாகக் கருக்கவும் உலர்த்தவும் செய்யும். மருந்து முடிந்து சில மாதங்களில் அது படிப்படியாக மாறிவிடும். ஆனால் "நிறம் போய்விட்டது, இனி யார் என்னைப் பார்ப்பார்கள்" என்று பாதியில் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. நிறத்தைக் காக்கப் போய் விரலை இழக்கிறார்கள்.

6. நாம் வைக்கும் பெயர்

வேத மாணவர்களாகிய நாம் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். லேவியராகமம் 13, 14 அதிகாரங்களில் நம் பழைய மொழிபெயர்ப்பு குஷ்டம் என்று சொல்லும் எபிரெயச் சொல், துணியிலும் வீட்டுச் சுவரிலும் காணும் பூசணத்துக்கும் வழங்குகிறது. உணர்ச்சி மரப்பதைப் பற்றி அவ்வதிகாரங்களில் ஒரு சொல்லும் இல்லை. பலவிதமான தோல் மாறுதல்களுக்கு அது பொதுப் பெயர். ஹான்சன் கண்ட நோயும் அதுவும் ஒன்றென்று சொல்ல முடியாது. 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு தொழுநோய் என்னும் சொல்லைக் கையாளுகிறது. தமிழக அரசும் வெண்குஷ்டம் என்னும் சொல்லை விலக்கி வெண்புள்ளிகள் என்று வழங்கும்படி செய்தது. 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016-ல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி விவாகரத்துக் கேட்கும் வழியை 2019-ல் பாராளுமன்றம் அடைத்தது.

அரசாங்கம் சொல்லைத் திருத்திக்கொண்டது. பிரசங்க பீடத்தில் இன்னும் இந்த நோயைப் பாவத்துக்கு ஒப்பனையாகப் பேசுகிறோம். அதைக் கேட்கும் கடைசி பெஞ்சில் முதுகில் தேமலோடு ஓர் இளைஞன் இருந்தால், அவன் மருத்துவரிடம் போவானா, மறைப்பானா? மாற்கு முதலாம் அதிகாரத்தில் ஆண்டவர் சுத்தமாக்கும் முன்பாகவே கை நீட்டித் தொட்டார் என்பதை நாம் அதிகமாய்ப் பிரசங்கிக்கலாமே.

7. வீடுதோறும் செய்யத்தக்கவை

வருடத்துக்கு ஒருமுறையாவது, நல்ல பகல் வெளிச்சத்தில், வீட்டார் ஒருவர் மற்றவருடைய முதுகையும் கை கால்களையும் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிட வெளுத்தோ சிவந்தோ ஒரு தேமல் இருந்தால், கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொடுங்கள். தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தவறினாலும், கை கால் மரத்தாலும், விரல் மடங்கினாலும், தாமதமின்றி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மிஷன் மருத்துவமனைக்கோ போங்கள். உணர்ச்சி சரியாக இருந்தாலும், ஆறாத தேமலை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. பால் போல் வெளுத்து உணர்ச்சி மாறாதிருந்தால் அது பெரும்பாலும் வெண்புள்ளியே. அது யாருக்கும் தொற்றாது.

நீங்கள் அனுப்பும் காணிக்கை செருப்பாகவும் எண்ணெயாகவும் கட்டுத் துணியாகவும் மாறுகிறது. அதற்காக நன்றி செலுத்துகிறோம். அதோடுகூட உங்கள் சபையில் ஒருவருடைய தேமலையாவது காலத்தில் கண்டு அனுப்புவீர்களானால், அவருக்கு அந்தச் செருப்பு ஒருபோதும் தேவைப்படாமற் போகலாம்.

ஐக்கிய சங்கக் கூட்டத்தில் கலந்து பேச:

1. நம் வீட்டில் தோல் வியாதிக்கென்று நிறுத்தி வைத்திருக்கும் உணவுகள் எவை? அதற்கு ஆதாரம் என்ன?

2. நம் வீட்டு அலமாரியில் மருத்துவர் சீட்டின்றி வாங்கின களிம்புகள் எத்தனை?

3. நிறத்தைக் குறித்துப் பிள்ளைகளின் காதுபட நாம் சொல்லும் வார்த்தைகள் எவை?

4. நம் சபையார் ஒருவருக்குத் தொழுநோய் என்று தெரிந்தால், அவர் அடுத்த ஞாயிறன்று எந்த இடத்தில் உட்காருவார்?